ஒரு வீசை மிளகாய்

"அந்தக் காலத்துல யாரு அளந்து சமைச்சாங்க? எல்லாம் கண்ணளவு, கைப்பக்குவம்தான்." நம் பாட்டிமார்களையும் அம்மாக்களையும் பாராட்டுவதாக நினைத்துத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் நான் வளர்ந்த வீட்டில் அம்மா அளந்துதான் சமைத்தார். அளந்ததை எழுதியும் வைத்தார். அரிசி மூட்டைக் கணக்கு எழுதும் நீளமான நோட்டு அது. காப்பிப் பொடிக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய அந்தப் பக்கங்களில் வீசை இருக்கிறது, பலம் இருக்கிறது, ஆழாக்கு இருக்கிறது, ராத்தலும் அவுன்சும் இருக்கின்றன, சில இடங்களில் அணாக்கூட இருக்கிறது. அவற்றையெல்லாம் கிராமுக்கும் மில்லி லிட்டருக்கும் கொண்டுவரும் வேலையைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். செய்யச் செய்ய ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெண்கள் துல்லியமாக அளந்தார்கள். எடைக்கற்களைத் தொலைத்தவர்கள் நாம்தான்.

நோட்டில் மீன் குழம்பு கிடையாது. காசிமேட்டில் மீனைக் கூறு போட்டுத்தான் விற்பார்கள். நெத்திலியோ காரப்பொடியோ அன்றைக்குக் கிடைத்த கூறுக்கு ஏற்பப் புளியைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து உப்புப் போடுவார் அம்மா. அங்கே கண்ணளவு போதும். நோட்டில் ஏறியது எதுவென்றால் ஒரு தடவை கலந்துவிட்டால் திருத்த முடியாதவை: வருஷத்துக்கு அரைக்கும் மிளகாய்த்தூள், ஊறுகாய், தீபாவளி லேகியம், கிறிஸ்துமஸ் கேக். எதை அளக்க வேண்டும், எதை அளக்க வேண்டாம் என்று பிரித்துவைத்ததே ஒரு பெரிய அறிவு என்று நினைக்கிறேன்.

நாட்டில் அளவு மாறியபோது நான் சின்னப் பையன். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து மெட்ரிக் எடை பகுதி பகுதியாக வந்தது. கொஞ்ச காலம் பழைய கல்லும் புதுக் கல்லும் சேர்ந்தே புழங்கின. 1962 வாக்கில் பழையது செல்லாமல் போயிற்று. எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் புதுக் கல் வந்து இறங்கிய அன்று பையன்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அறுகோண இரும்புக் கற்கள்: ஒரு கிலோ, 500, 200, 100, 50 கிராம். கடைக்காரர் ஒரு கல்லைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு குழி, குழியில் ஈயம் அடைத்து, ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரை. யாராவது கல்லைக் குடைந்து எடையைக் குறைத்தால் தெரிந்துவிடும் என்றார். தராசுத் தட்டின் இன்னொரு பக்கம் வீசைக் கல் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா, இனிமே கிலோவுலதான் கேக்கணும்" என்றார் அம்மாவிடம்.

"கேக்குறேன். வீசைக்கு எவ்ளோ கிராம்னு மொதல்ல சொல்லு."

1,400 கிராம் என்று கடையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துச் சொன்னார். பலத்துக்கு 35 கிராம். இந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமானது என்று பிறகு நானே போட்டுப் பார்த்தேன். மதராஸ் எடையில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. தோலாவை வெள்ளைக்காரர்கள் 180 கிரெயின் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதே கிரெயின் 7,000 சேர்ந்தால் அவர்கள் ராத்தல். ஆகவே நம் வீசையும் அவர்கள் ராத்தலும் ஒரே கடுகில் அளக்கப்பட்டவைதான். தோலா 11.664 கிராம், வீசை 1,399.7 கிராம். 1,400 என்று முழுமையாக்கியதில் கால் கிராம் சொச்சம்தான் வித்தியாசம். சமையலுக்கு இதைவிடத் துல்லியம் வேண்டியதே இல்லை.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அம்மாவின் குழம்பு மிளகாய்த்தூள் கணக்கு இது: மிளகாய் ஒரு வீசை, தனியா ஒன்றரை வீசை, மஞ்சள், மிளகு, சீரகம் மூன்றும் ஐந்தைந்து பலம், வெந்தயம் இரண்டு பலம், துவரம்பருப்பு ஓர் ஆழாக்கு, புழுங்கலரிசி அரை ஆழாக்கு. கிலோ வந்ததும் தெருவில் பல வீடுகளில் 'வீசைக்குப் பதில் கிலோ' என்று மிளகாயையும் தனியாவையும் வாங்கினார்கள். சின்னச் சாமான்களில் கை பழைய அளவுக்கே போனது. ஐந்து பலம் 175 கிராம். கடையில் 200 கிராம் கல் வைப்பது சுலபம், அதனால் 200. இரண்டு பலம் வெந்தயம் 70 கிராம், வாங்கியது 100. மிளகாய் 1,400இலிருந்து 1,000க்கு இறங்கியிருக்க, வெந்தயம் 70இலிருந்து 100க்கு ஏறிவிட்டது. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. அந்த வருஷம் எங்கள் தெருவில் குழம்பு கசந்தது என்பதைப் பெரியவர்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிலோ வந்ததால் ருசி போச்சு என்று கிலோவின் மேல் பழி விழுந்தது.

எங்கள் வீட்டில் கசக்கவில்லை. அம்மா நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் வரியை இப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது: "வீசை கிலோ ஆனால் பலம் 25." நாற்பது பலம் ஒரு வீசை, நாற்பது இருபத்தைந்து ஆயிரம். வீசை இருந்த இடத்தில் கிலோவை வைக்கிறாயா, வை. அப்போது பலம் இருந்த இடத்திலெல்லாம் 35 வைக்காதே, 25 வை. மிளகாய் ஒரு கிலோ, தனியா ஒன்றரைக் கிலோ, மஞ்சள், மிளகு, சீரகம் தலா 125 கிராம், வெந்தயம் 50 கிராம். அதே தூள், அதே நிறம், அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. ஆழாக்கை என்ன செய்தார் என்று பார்த்தேன். பருப்புக்கு எதிரே "முக்கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைய" என்று இருந்தது. 1,000ஐ 1,400ஆல் வகுத்தால் 0.71. எட்டாவது வரை படித்தவர் அம்மா.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதும் வேலை. அவருக்கும் இந்தத் தொல்லை உண்டு, அளவுதான் பெரிது. இங்கிலீஷ் டன் 2,240 ராத்தல், அதாவது 1,016 கிலோ. அமெரிக்க டன் 2,000 ராத்தல், 907 கிலோ. மெட்ரிக் டன் 1,000 கிலோ. காகிதத்தில் வெறும் 'டன்' என்று இருந்தால் எந்த டன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வீட்டில் அம்மா நோட்டைப் பார்த்தாலும் அதே கேள்விதான்: "இது யாரோட அளவு?" அளவை மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

அந்தக் கேள்விக்கு ராயபுரத்தில் பல பதில்கள் இருந்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பிய ஸ்டேஷன் எங்கள் ஊருடையது. ரயில்வேயை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ரயில்வே டிரைவரின் மனைவி இருந்தார். நாங்கள் ஆன்ட்டி என்போம். அம்மாவுக்கு கேக் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அம்மா அவருக்கு மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுப்பார். நோட்டில் கேக் பக்கம் முழுக்க ராத்தலும் அவுன்சும்: மைதா அரை ராத்தல், ரவை அரை ராத்தல், வெண்ணெய் ஒரு ராத்தல், சர்க்கரை ஒரு ராத்தல், முட்டை எட்டு, ரம்மில் ஊறிய பழம் இரண்டு ராத்தல், பட்டை கிராம்பு ஜாதிக்காய்த் தூள் அரை அவுன்ஸ், ரம் நாலு அவுன்ஸ். சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்துக் கருக்கி, தண்ணீர் விட்டுப் பாகாக்கிச் சேர்ப்பார்கள். அதுதான் நிறம்.

மாவைக் கலப்பது வீட்டில், சுடுவது பேக்கரியில். டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் தெருப் பையன்களுக்கு இதுதான் வேலை. நெய் தடவிய தகர டின்னில் மாவை ஊற்றி, மேலே காகிதம் மூடி, வீட்டுப் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடப்போம். ஆன்ட்டியின் புத்தகத்தில் 325 ஃபாரன்ஹீட் என்று இருந்தது. 32ஐக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 163 சென்டிகிரேடு. பேக்கரியில் விறகு அடுப்பு, வெப்பமானி கிடையாது. ரொட்டி எல்லாம் எடுத்த பிறகு அடுப்புத் தரையில் ஒரு பிடி மைதாவைத் தூவி, அது சிவக்கும் வேகத்தைப் பார்த்து, "இப்போ வேணாம், அரை மணி ஆவட்டும்" என்பார் மேஸ்திரி. தூவிய மாவு கருகினால் சூடு அதிகம், மெல்லப் பொன்னிறமானால் கேக்குக்குச் சரி. அதுவும் அளவுதான்.

இப்போது அந்தப் பக்கத்தைக் கிராமில் எழுதப் போனால் என்ன ஆகும்? ராத்தல் 453.6 கிராம், அவுன்ஸ் 28.35. கடையில் வெண்ணெய் 500 கிராம் கட்டியாக வருகிறது. 46 கிராமை வெட்டி வைத்துவிட யாருக்கு மனசு வரும்? முழுசாகப் போட்டுவிடுவார்கள். மைதாவும் ரவையும் 453ஆக இருக்க வெண்ணெய் 500 ஆனால், பத்து சதவீதம் கூடுதல். கேக் நடுவில் அமுங்கி அடியில் எண்ணெய் தங்கும். அம்மாவின் வீசைக் கணக்கே இங்கேயும் வழி. ராத்தலை அரைக் கிலோ ஆக்கு, ஆனால் எல்லாவற்றையும் ஆக்கு. மைதா 250, ரவை 250, வெண்ணெய் 500, சர்க்கரை 500, பழம் ஒரு கிலோ, மசாலாத் தூள் 15 கிராமுக்குக் கொஞ்சம் கூட, ரம் 125 மில்லி. டின் பழைய டின்தான் என்றால் மிஞ்சும் மாவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

முட்டைதான் நுணுக்கமான இடம். எட்டு முட்டை என்று ஏன் எழுதினார்கள்? இங்கிலாந்துக் கணக்கில் ஒரு முட்டை ஓட்டோடு இரண்டு அவுன்ஸ். எட்டு முட்டை சரியாக ஒரு ராத்தல். அதாவது முட்டையும் எடைதான், எண்ணிக்கை வேடத்தில் இருக்கிறது. நம் கடை முட்டை பெரும்பாலும் 50 கிராமை ஒட்டித்தான் இருக்கிறது. எனவே அரைக் கிலோ கணக்குக்குப் பத்து முட்டை. இதைக் கவனிக்காமல் எட்டே போட்டுவிட்டு, 'பழைய ரெசிப்பி, கேக் வறண்டுபோச்சு' என்பவர்களைப் பார்க்கும்போது ஆன்ட்டிக்காக வாதாடத் தோன்றும். இங்கிலாந்திலேயே எழுபதுகளில் சமையல் புத்தகங்களை மெட்ரிக்குக்கு மாற்றியபோது அவுன்ஸை 25 கிராம் என்று வசதிக்காக வைத்துக்கொண்டார்கள். அப்படி மாற்றினால் ராத்தல் 400 கிராமாகச் சுருங்கும்; விகிதம் கெடாது, ஆனால் அதே டின்னில் கேக் உயரம் குறையும். அது தெரிந்து சின்ன டின் எடுத்தால் ஒரு குறையும் இல்லை.

அவுன்ஸ் இன்னொரு குழப்பத்தையும் வைத்திருந்தது. மசாலாத் தூளுக்கு எடை அவுன்ஸ், ரம்முக்குத் திரவ அவுன்ஸ். எங்கள் வீட்டில் அவுன்ஸ் கிளாஸ் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் மிக்ஸ்சர் வாங்கப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவோம். பாட்டிலின் ஓரத்தில் வேளைக்கு எவ்வளவு என்று பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார்கள். காகிதம் நனைந்து கிழிந்துவிடும் என்று அப்பா வாங்கி வந்த கிளாஸ் அது. ஜுரம் இல்லாத நாளில் அது சமையலறைக்கு வந்துவிடும். இங்கிலீஷ் திரவ அவுன்ஸ் 28.4 மில்லி, இருபது சேர்ந்தால் ஒரு பைன்ட், 568 மில்லி. அமெரிக்கப் பைன்டில் பதினாறுதான், 473 மில்லி. அமெரிக்கப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு சமைப்பவர்கள் அப்பாவின் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

வீசையிலும் அதே கேள்வி வந்தது. பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபின், 1964 வாக்கில் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக நம்மவர்கள் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வடசென்னையில் பல இடங்களில் குடியேறினார்கள். எங்கள் பக்கம் வந்த ஓர் அக்கா மொய்ங்கா என்ற மீன் சாற்றைச் செய்வார். வாழைத்தண்டு போட்டு, கடலை மாவும் வறுத்த அரிசி மாவும் கரைத்துக் கெட்டியாக்குவது. "மீன் ஒரு வீசை" என்று சொல்ல அம்மா எழுதிக்கொண்டார். மறுநாளே அக்கா வந்து, "உங்க ஊர் வீசை சின்னதா இருக்குக்கா, எங்க வீசைக்கு மீன் இன்னும் விழும்" என்றார். பர்மா வீசை 1.63 கிலோ. நம் வீசையைவிட ஆறரைப் பலத்துக்கு மேல் அதிகம். அம்மா அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே "ரங்கூன் வீசை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண், சாற்றின் பதம் கெட்டுவிடக் கூடாதே என்று எடைக்காக மறுநாள் மெனக்கெட்டு வந்து சொல்லியிருக்கிறார். இவர்களையா கண்ணளவு என்கிறோம்?

அளவு மாறும் தொல்லை என் வேலையிலும் வந்தது. நான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் கடைசல் வேலைக்குப் போனேன். அங்கே அப்போது எல்லாம் இஞ்ச். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு 'தவ்'. எழுபதுகளில் வரைபடங்கள் ஒவ்வொன்றாக மில்லிமீட்டருக்கு வந்தன. ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். 1959 ஜூலை முதல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒத்துக்கொண்ட சரியான எண் அது, அதே ஒப்பந்தத்தில்தான் ராத்தலும் 0.45359237 கிலோ என்று முடிவானது. மூத்த டர்னர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது: நடுவில் முழுமையாக்காதே, கணக்கு முழுக்கப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவை முழுமையாக்கு. சமையலுக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு வரியையும் வசதிக்குத் தக்கபடி மேலும் கீழும் தள்ளினால் பக்கம் முடிவதற்குள் வேறு பலகாரம் ஆகிவிடும்.

அம்மாவின் நோட்டில் எடையைவிடக் கஷ்டம் கொடுத்தது ஆழாக்குதான். புத்தக வாய்பாடுகளில் ஆழாக்கு 168 மில்லி என்று இருக்கும். எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி நிறுத்தால் 200 கிராமைத் தாண்டியது. ஆழாக்கு என்பது படியின் ஒரு பங்கு; பட்டணத்துப் படி பெரிய படி. வாய்பாட்டில் இருப்பது வெளியூர்ப் படி. ஆகவே வாய்பாட்டை மூடிவிட்டு, அதே ஆழாக்கில் ஒவ்வொரு சாமானையும் தலைதட்டி அளந்து நிறுத்தேன். அரிசி ஒரு கனம், மைதா அதில் முக்கால்கூட வராது, கல்லுப்பு அரிசியைத் தாண்டும். ஓர் ஆழாக்கு என்றால் இத்தனை கிராம் என்று பொதுவாகச் சொல்லவே முடியாது, சாமான் வாரியாகத்தான் சொல்ல முடியும். அம்மா ஊறுகாய்ப் பக்கத்தில் மட்டும் "குவித்து" என்றும் மற்ற இடங்களில் "தலைதட்டி" என்றும் எழுதியிருந்தது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்லி மாளாது. குவித்து அளந்த உப்பும் தலைதட்டி அளந்த உப்பும் ஊறுகாயில் ஒன்றல்ல. ஒன்று வருஷம் தாங்கும், மற்றதில் பூசணம் பூக்கும்.

ஆன்ட்டி குடும்பம் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போய்விட்டது. அங்கிருந்து கடிதம் வந்தது: இங்கேயும் ராத்தல் போய்க் கிலோ வருகிறது, உன்னிடம் இருக்கும் கணக்கை எழுதி அனுப்பு என்று. அம்மா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஸ்பூன் கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை என்று மறுகடிதம் வந்தது. விசாரித்ததில், ஆஸ்திரேலிய டேபிள் ஸ்பூன் 20 மில்லி. மற்ற இடங்களில் 15.

நோட்டில் ஒரு வரி நெடுநாள் மாறாமலே கிடந்தது. எலுமிச்சை ஊறுகாயில் "பெருங்காயம் ஓரணாவுக்கு". எடையும் இல்லை, கொள்ளளவும் இல்லை, விலை. அதை எந்த வாய்பாட்டிலும் தேட முடியாது. அப்பாவின் பழைய வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்தபோது முதலில் தேடியது பெருங்காயத்தைத்தான். ஊறுகாய்ப் பக்கம் எழுதப்பட்ட வருஷத்தை ஒட்டிய ஒரு மாதத்தில் இருந்தது: பெருங்காயம் ஒரு தோலா நாலணா. ஓரணாவுக்குக் கால் தோலா. 2.9 கிராம். சௌகார்பேட்டையில் கிராம் தராசு ஒன்று வாங்கி வந்து கட்டிப் பெருங்காயத்தை அதில் நிறுத்து, அந்த வருஷத்து எலுமிச்சை ஊறுகாயில் போட்டோம். என் அக்கா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதேதான்டா" என்றாள். நோட்டில் ஓரணாவுக்குப் பக்கத்தில் '3 கிராம், கட்டி' என்று எழுதியிருக்கிறேன். தூள் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், அதற்கு இந்தக் கணக்கு ஆகாது.